ரெகுலரா, கரஸா? வடசென்னையிலிருந்து எம்.எல்.ஐ.எஸ்.

பட்டப்படிப்பு ரிசல்ட் வரும் நேரத்தில் என் மேசைக்கு முன்னால் இந்தக் கேள்வி வந்து நின்றுவிடும்: நூலகவியல் முதுகலையை (எம்.எல்.ஐ.எஸ்.) வகுப்புக்குப் போய் ரெகுலராகப் படிப்பதா, கரஸில், அதாவது தொலைநிலையில் படிப்பதா? தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். இந்த வருஷம் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் காசிமேட்டுப் பையன், பி.ஏ. தமிழ் முடித்தவன். இன்னொருவர் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியின் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவர், வயது 32, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். இருவருக்கும் வேண்டியது ஒரே பட்டம். நான் சொன்ன பதில் ஒன்றல்ல.

முதலில் கணக்கு. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துறையில் ரெகுலராகச் சேர்ந்தால், எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் இரண்டே வருஷத்தில் நேராக முதுகலை. கரஸில் வழக்கமாக அதை இரண்டாக வெட்டிவிடுவார்கள்: ஒரு வருஷம் நூலகவியல் இளங்கலையான பி.எல்.ஐ.எஸ்., அப்புறம் ஒரு வருஷம் எம்.எல்.ஐ.எஸ். இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எல்லாம் இந்த வழிதான். மொத்தக் காலம் ஒன்றுதான் என்றாலும், கரஸில் பாதியில் நின்றால்கூடக் கையில் ஒரு பட்டம் மிஞ்சும். குடும்பத்தில் எப்போது என்ன வரும் என்று தெரியாதவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

போக்குவரத்தை இப்போது பெரிய தடையாகச் சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் பஸ் நின்றால் அன்றைய முதல் வகுப்பு போனது போனதுதான். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபின் திருவொற்றியூரில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் சேப்பாக்கம் பக்கம். சைதாப்பேட்டைக்கும் அதே ரயில்தான்.

செலவு என்றால் எல்லோரும் கட்டணத்தைத்தான் கேட்கிறார்கள். உண்மையான செலவு விட்டுப்போகும் சம்பளம். மாதம் 12,000 வாங்குகிறவர் இரண்டு வருஷம் வேலையை விட்டால் 2,88,000 ரூபாய். பையனுக்கு இந்தக் கணக்கே கிடையாது, அவன் இன்னும் சம்பாதிக்க ஆரம்பிக்கவில்லை. பள்ளி நூலகருக்கு அதுதான் முதல் கணக்கு.

‘கரஸ் பட்டம் செல்லுமா மேடம்?’ என்று பையன் கேட்டான். செல்லும். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் படிப்பும் ரெகுலரும் சமம் என்பதே பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி. சேரும் வருஷத்தில் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் யு.ஜி.சி. தளத்தில் பார்த்துவிட வேண்டும். ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம். கல்லூரி நூலகர் வேலைக்கு முதுகலையில் 55 விழுக்காடும் தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்ச்சியும் கேட்பார்கள். நெட்டில் 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். எந்த வழியில் படித்தாய் என்று அந்த வினாத்தாள் கேட்பதில்லை.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? ப்ராக்டிகலில். இதை என் சொந்தக் கதையிலிருந்து சொல்கிறேன். பாரிமுனையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டே கரஸில் படித்தவள் நான். பாடப் புத்தகக் கட்டு தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒருவர் வேகமாகக் குறிப்பு வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். நூல் விவரங்களைக் கணினியில் பதியும் முறையான மார்க் 21-இல் 245 என்றால் தலைப்பு என்று மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த 245-ஐ நான் திரையில் முதன்முதலாகப் பார்த்தது நூலக வேலைக்குச் சேர்ந்த பிறகு.

வகைப்படுத்தல் இன்னும் மோசம். புத்தகங்களுக்குப் பாடவாரியாக எண் போடும் டியூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811. கவிதை என்றால் கடைசியில் ஒரு 1, நாவல் என்றால் 3. இதை யாரும் கற்றுக்கொள்ளலாம். மீனவர்களின் உடல்நலம் பற்றி ஒரு புத்தகம் வந்தால் எங்கே வைப்பாய்? மருத்துவத்திலா, சமூக நலத்திலா, மீன்பிடித் தொழிலிலா? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் வேறு எண் போட்டு, அதற்காக நீ சண்டை பிடித்து, ஆசிரியர் இரண்டையும் அடித்துவிட்டு மூன்றாவது ஒன்றைப் போடும்போதுதான் அது மண்டையில் ஏறும். அந்தச் சண்டை ரெகுலரில் கிடைக்கும். கரஸில் நீங்களே தேடிக்கொள்ள வேண்டும்.

இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் ரங்கநாதன் 1924-இல் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்ததும் இதே சென்னையில்தான். அவர் பெங்களூரில் 1962-இல் தொடங்கிய மையத்தில் இப்போது இந்தியப் புள்ளியியல் கழகத்தின் இரண்டு வருட முதுகலை நடக்கிறது. கல்விக் கட்டணம் கிடையாது, ஊக்கத்தொகையும் உண்டு. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், வீட்டை விட்டுப் போக வேண்டும். பையனிடம் சொன்னேன். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

பையனுக்கு என் ஓட்டு ரெகுலர்தான். நூலகத்தையே உள்ளே நின்று பார்த்திராதவன், கரஸில் சேர்ந்தால் என்னைப் போலத்தான் வருவான். பள்ளி நூலகருக்குக் கரஸ். அவரிடம் எண்ணே போடாத 2,400 புத்தகம் நான்கு இரும்பு பீரோவில் கிடக்கிறது. கோஹா நூலகப் பதிவுக்கான இலவச மென்பொருள். பழைய லேப்டாப் ஒன்றில் அதை ஏற்றி, அந்த 2,400-ஐயும் உள்ளே போட்டால் எந்த வகுப்பறையும் அவ்வளவு ப்ராக்டிகல் தராது.

போன வாரம் அவர் வந்து, “அக்கா, டியூயி இருந்தா கொடுங்களேன்” என்றார். ரெஃபரன்ஸ் புத்தகம் வெளியே போகக் கூடாதுதான். நாங்கள் ஓரம் கட்டிவிட்ட பழைய பதிப்பில் அட்டவணைகள் இருக்கும் முதல் தொகுதியையும், இலக்கியம் இருக்கும் மூன்றாம் தொகுதியையும் துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். பொருளைத் தேடினால் எண்ணைக் காட்டிவிடும் இண்டெக்ஸ் தொகுதியை வேண்டுமென்றே கொடுக்கவில்லை.