ரெட்ரோஷீட்: சீசனின் முதல் ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் யார் என்று தேடுகிறவர்களுக்கு ஓர் இலவசச் சேவை

புதுச்சேரியில் கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு, புதுப் பந்தை யார் கையில் கொடுப்பது என்பது டாஸ் முடிந்ததும் தீர்ந்துபோகிற விஷயம். இன்று முதல் ஓவர் வீசியவர் அடுத்த ஆட்டத்திலும் வீசலாம். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலான மேஜர் லீக்கில் (எம்எல்பி) அப்படி முடியாது. ஒரு சீசனின் 162 ஆட்டங்களுக்கு வழக்கமாக ஐந்து பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) முறைபோட்டு ஆட்டத்தைத் தொடங்குவார்கள்; எறிந்தவருக்குக் குறைந்தது நான்கு நாள் ஓய்வு வேண்டும். அந்த ஐவரில் அணி யாரை முதல் ஆளாக மதிக்கிறது என்பது சீசனின் முதல் ஆட்டத்தில் தெரிந்துவிடும். ‘ஓப்பனிங் டே ஸ்டார்ட்டர்’ பட்டியலுக்கு ரசிகர்களிடம் இவ்வளவு மரியாதை இருப்பது அதனால்தான். ஓர் அணியின் பட்டியலை மேலிருந்து கீழே படித்தால், அந்த அணி எந்தெந்த ஆண்டு யாரை நம்பி நின்றது என்ற வரலாறே கிடைக்கும்.

அந்தப் பட்டியலை ஆதாரத்தோடு நாமே தயாரிக்க உதவும் சேவை, பேஸ்பால் ஆட்டப் பதிவுகளைத் திரட்டித் தரும் ரெட்ரோஷீட் இணையதளம். டெலவேர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்த டேவிட் ஸ்மித் 1989-இல் தொடங்கியது, தன்னார்வலர்கள் நடத்துவது. விளம்பரம் இல்லை, பதிவுசெய்ய வேண்டியதில்லை, பணமும் கேட்பதில்லை. பக்கங்கள் வெறும் எழுத்தால் ஆனவை என்பதால் சிக்னல் குறைந்த இடத்திலும் சட்டென்று திறக்கின்றன. ஆனால் பார்க்க அழகாக இருக்காது. கைப்பேசியில் பெட்டிஸ்கோர் (ஓர் ஆட்டத்தின் சுருக்க அட்டவணை) படிக்கலாம், அதற்கு மேல் எதையும் செய்ய வேண்டுமானால் மடிக்கணினி வேண்டும்.

நமக்கு வேண்டியது ‘கேம் லாக்’ என்ற கோப்பு. 1871 முதல் ஆண்டுக்கு ஒன்றாக, ஜிப் வடிவில் இருக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு ஒரு வரி, ஒரு வரியில் 161 புலங்கள் (விரிதாளில் திறந்தால் 161 நெடுவரிசைகள்). இப்போதைய முழு சீசன் என்றால் 2,430 வரிகள். மொத்தத் தொகுப்பையும் ஒரே மூச்சில் திறக்க வேண்டாம். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வரிகள், சாதாரண மடிக்கணினி திணறிவிடும். பத்தாண்டுத் தொகுப்பாக ஒவ்வொன்றாய் எடுத்தால் போதும்.

கோப்பில் தலைப்பு வரி கிடையாது என்பதுதான் முதல் தடுமாற்றம். எந்தப் புலம் எது என்று தனிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். முதல் புலம் தேதி. 4-ஆவது வெளியூர் அணி, 7-ஆவது சொந்த ஊர் அணி. 6-ஆவதும் 9-ஆவதும் இந்த வேலைக்கு உயிர்நாடி: வெளியூர் அணிக்கு இது அந்த சீசனின் எத்தனையாவது ஆட்டம், சொந்த ஊர் அணிக்கு எத்தனையாவது ஆட்டம் என்று அவை சொல்கின்றன. 102, 103-இல் வெளியூர் அணியின் தொடக்கப் பிட்சருடைய அடையாளக் குறியும் பெயரும், 104, 105-இல் சொந்த ஊர் அணியினுடையவை.

லிப்ரே ஆபிஸில் திறப்பவர்கள் பிரிப்பானாகக் காற்புள்ளியைத் தேர்ந்து, ‘மேற்கோளுக்குள் இருப்பதை எழுத்தாகக் கொள்’ என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். எக்செல்லில் கோப்பை நேராகத் திறக்காமல், டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, தரவு வகையைக் கண்டறிய வேண்டாம் என்ற தேர்வைக் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் 20, 21-ஆவது புலங்களில் இருக்கும் இன்னிங்ஸ்வாரி ரன் வரிசை எண்ணாக மாறி, முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். முதல் இன்னிங்ஸில் ரன் இல்லாத ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டமெல்லாம் எட்டு அல்லது அதற்கும் குறைந்த இன்னிங்ஸ் ஆட்டமாகத் தெரியும். பிட்சர் பட்டியலை அது கெடுக்காது. ஆனால் அதே கோப்பை அடுத்த வேலைக்கு எடுக்கும்போது காலை வாரும்.

பிறகு வடிகட்ட வேண்டியதுதான். விரிதாளில் டி நெடுவரிசையில் நம் அணியின் குறி, எஃப் நெடுவரிசையில் 1 என்றால் சிஒய் நெடுவரிசையில் இருப்பவர் நம் ஆள். ஜி-யில் நம் அணி, ஐ-யில் 1 என்றால் டிஏ-வில் இருப்பவர். இரண்டையும் செய்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பைத்தானில் பாண்டாஸ் என்ற தரவு நூலகத்தை வைத்துச் செய்கிற கல்லூரி மாணவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும்: தலைப்பு இல்லை என்று சொல்லித்தான் கோப்பைப் படிக்க வேண்டும், அங்கே எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் 103-ஆவது புலம் 102 ஆகிவிடும். இதில் ஒன்று தவறினால் பெயர் வர வேண்டிய இடத்தில் எதிரணியின் அடையாளக் குறி வந்து நிற்கும்.

சேவை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நல்ல சோதனை அணி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். புரூக்ளினிலிருந்து 1958-இல் இடம்பெயர்ந்த அணி, வெளிநாடுகளில் சீசனைத் தொடங்கிய அணி, கடைசி நேரத்தில் பிட்சரை மாற்றிய அணி என எல்லாச் சிக்கலும் இதில் உண்டு. கிளேட்டன் கெர்ஷா இந்த அணிக்காக 9 முறை சீசனைத் தொடங்கியவர்: 2011 முதல் 2018 வரை தொடர்ச்சியாக 8, பிறகு 2021. உங்கள் வடிகட்டலில் 9 வந்தால் சரி. 5 வந்தால் சொந்த ஊர்ப் பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். 2012, 2014, 2016, 2021 ஆகிய நான்கிலும் டாட்ஜர்ஸ் வெளியூர் அணி. அதில் 2014 ஆட்டம் சிட்னியில் நடந்தது. அரிசோனாதான் சொந்த ஊர் அணியாகப் பதிவு. கெர்ஷாவுக்கு அடுத்து டான் டிரைஸ்டேல், டான் சட்டன் இருவருக்கும் 7 வர வேண்டும்; சட்டனுடையவை 1972 முதல் 1978 வரை இடைவெளி இல்லாதவை.

இதே பட்டியலில் சாண்டி கோஃபாக்ஸ் ஒரே ஒரு முறைதான் வருவார், 1964-இல். கோப்பில் ஏதோ விட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தேட வேண்டாம், எண்ணிக்கை சரியானதுதான். அந்தக் காலத்தின் மிகப் பெரிய பிட்சருக்கு ஒரு முறை, கூட ஆடிய டிரைஸ்டேலுக்கு ஏழு முறை. இப்படிப்பட்ட இடங்களில்தான் இந்தப் பட்டியல் வெறும் பெயர் வரிசையாக இல்லாமல் பேசத் தொடங்குகிறது.

ரெட்ரோஷீட்டின் பெரிய பலம், அறிவிக்கப்பட்டவரை விட்டுவிட்டு உண்மையில் எறிந்தவரைப் பதிவுசெய்வது. 1981-இல் டாட்ஜர்ஸ் சீசனைத் தொடங்க வேண்டியவர் ஜெரி ரூஸ். அவருக்குக் காலில் காயம். அந்த இடத்தில் 20 வயது ஃபெர்னாண்டோ வலென்சுவேலா வந்து ஏப்ரல் 9 அன்று ஹூஸ்டனுக்கு ஒரு ரன்கூடத் தராமல் 2-0 என்று முடித்துக் கொடுத்தார். 2020-இலும் அதே கதை: கெர்ஷா எறிவார் என்று அறிவித்திருந்தார்கள், முதுகு வலியால் விலகினார், இன்னும் புதுமுகமாகவே கணக்கிடப்பட்ட டஸ்டின் மே தொடங்கினார். முன்னோட்டச் செய்திகளை வைத்துப் பட்டியல் போட்டால் இந்த இரண்டு ஆண்டுமே தப்பாகிவிடும்.

2020 ஆட்டம் நடந்தது ஜூலை 23-இல். கோவிட் காரணமாக அந்த சீசன் 60 ஆட்டங்களாகச் சுருங்கியது. ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்துக்குப் பின் வந்த 1995 சீசன் ஏப்ரல் 25-இல்தான் தொடங்கியது. 2024-இல் சியோலில் மார்ச் 20-இலேயே தொடங்கிவிட்டார்கள். இந்திய நேரப்படி அது பிற்பகல் 3.35. எனவே தேதியை வைத்து வடிகட்டுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆட்ட எண் 1 என்று தேடுவதே பிழையில்லாத வழி. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்த பழைய சீசன்களிலும் இந்த வழி தடுமாறாது.

ஆனாலும் ஒரு முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். 2025-இல் டாட்ஜர்ஸ் மார்ச் 18 அன்று டோக்கியோவில் சிகாகோ கப்ஸ் அணியோடு ஆடியது; தொடங்கியவர் யோஷினோபு யமமோட்டோ. மார்ச் 27 அன்று சொந்த மைதானத்தில் டெட்ராய்டுடன் ஆடியபோது தொடங்கியவர் பிளேக் ஸ்னெல். ஆட்ட எண் 1-ஐ நம்பினால் யமமோட்டோ. அமெரிக்காவில் பெரும்பாலான அணிகள் களமிறங்கிய நாளையே ‘ஓப்பனிங் டே’ என்று கொண்டால் ஸ்னெல். முதல் வழிதான் முறையானது, ஏனென்றால் டோக்கியோவில் எடுத்த வெற்றியும் தோல்வியும் அட்டவணையில் சேர்கிற கணக்கு. எதைக் கொண்டாலும் பட்டியலின் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அணியின் குறியீடுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது. ஊர் மாறினால் மூன்றெழுத்துக் குறியும் மாறிவிடும். புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஒன்று, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு வேறொன்று. நியூயார்க் ஜயன்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோ போனபோதும் அப்படியே. 1958 ஏப்ரல் 15-இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் நடந்த முதல் மேஜர் லீக் ஆட்டத்தில் இந்த இரண்டு அணிகளும்தான் மோதின: டிரைஸ்டேல் தொடங்கினார், சான் பிரான்சிஸ்கோவுக்காக ரூபன் கோமஸ் 8-0 என்று வென்றார். புதுக் குறியை மட்டும் கொடுத்தால் உங்கள் பட்டியல் இந்த வரியில் தொடங்கி, அதற்கு முந்தைய புரூக்ளின் காலம் முழுவதும் காணாமல் போயிருக்கும். மில்வாக்கி, மினசோட்டா, பால்டிமோர், டெக்சஸ் என ஊர் மாறி வந்த எல்லா அணிக்கும் இதே எச்சரிக்கை.

பெயரை வைத்து எண்ணவும் கூடாது. 2000-இல் நியூயார்க் மெட்ஸ் அணியில் பாபி ஜோன்ஸ் என்ற பெயரில் இரண்டு பிட்சர்கள் இருந்தார்கள். அடையாளக் குறி ஆளுக்கு ஆள் வேறுபடும். அதை வைத்து எண்ணினால் குழப்பமில்லை. பல அணிகளுக்கு ஆடியவர்களைக் கூட்டுவதற்கும் அதுவே வழி. டாம் சீவர் மொத்தம் 16 முறை சீசனைத் தொடங்கியவர், அதுவே சாதனை: மெட்ஸுக்கு 11, சின்சினாட்டிக்கு 3, சிகாகோ வைட் சாக்ஸுக்கு 2. ஜாக் மோரிஸ் 1980 முதல் 1993 வரை மூன்று அணிகளில் தொடர்ந்து 14. இந்த இரண்டும் சரியாக வந்துவிட்டால் உங்கள் கோப்பு எல்லா அணிக்கும் தயார்.

வென்ற பிட்சருக்கான புலங்கள் 94, 95. அவற்றைத் தொடக்கப் பிட்சர் என்று எடுத்துவிடாதீர்கள். ஐந்து இன்னிங்ஸ் முடிக்காமல் வெளியேறியவருக்கு வெற்றி சேராது, அது வேறொருவர் பெயரில் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டு வரிகளில் நிறையப் புலங்கள் காலியாக இருக்கும், அது கோப்பின் பழுது இல்லை.

வேறு சேவைகளோடு ஒப்பிட்டால், பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளம் வேகமானது. அணிவாரியாக முதல் நாள் ஆட்டக்காரர்களின் பக்கம் தயாராகவே இருக்கிறது. ஒரே ஓர் ஆண்டைப் பார்க்க அது போதும். விளம்பரம் அதிகம், ஆழமாகத் தேட வேண்டுமானால் ஸ்டாட்ஹெட் என்ற கட்டணச் சேவைக்குப் போக வேண்டும். இந்த வேலைக்காக அந்தச் சந்தா தேவையில்லை. அந்தத் தளமே பழைய ஆட்டங்களுக்கு ரெட்ரோஷீட் தரவைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது.

குறை என்று சொன்னால் இரண்டு. நடப்பு சீசனின் கோப்பு சீசன் முடிந்த பிறகே வரும். அதுவரை எம்எல்பி தளத்தில் ஆட்டத்தை நேரலையாகக் காட்டும் கேம்டே பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் பகல் 1.10 ஆட்டம் என்றால் இங்கே நள்ளிரவு கடந்து 1.40. இரண்டாவது, புதியவருக்குக் கைகொடுக்கும் விளக்கம் குறைவு. புலங்களின் பட்டியலைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். விரிதாளே புதிது என்பவருக்கு முதல் நாள் கடினம்தான்.

புதுச்சேரி, கடலூர்க் கல்லூரிகளில் டேட்டா சயன்ஸ் படிப்பவர்கள் மினி புராஜெக்ட்டுக்கு எல்லாரும் எடுக்கும் ஐபிஎல் தரவுக்கு மாற்றாக இதைத் தாராளமாக எடுக்கலாம். விடை தெரிந்த கேள்வி என்பதால் தவறைத் தாங்களே கண்டுபிடிக்க முடியும். 2018-19-இல் ரஞ்சிக் கோப்பைக்குள் வந்த புதுச்சேரி அணிக்கு, ஒவ்வொரு சீசனின் முதல் ஆட்டத்திலும் முதல் ஓவர் வீசியவர் யார் என்ற பட்டியலை இதே புல அமைப்பில் இப்போதே தொடங்கினால் சில வரிகளில் முடிந்துவிடும். பேஸ்பால் பட்டியலை வெளியிடுகிறவர்கள், தரவு ரெட்ரோஷீட்டிடமிருந்து இலவசமாகப் பெறப்பட்டது, பதிப்புரிமை அவர்களுடையது என்ற அறிவிப்பைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அந்த வாசகம் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. அப்படியே எடுத்து ஒட்டிவிடலாம்.