பழையபேட்டைக் கடையில் வாங்கிய பச்சை ஆக்சைடு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு பெயிண்ட் கடை. பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. வாசலில் சுண்ணாம்பு மூட்டை அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். அம்மா வீட்டுத் திண்ணைக்குத் தரை போட மூன்று கிலோ பச்சை ஆக்சைடு வாங்கப் போனேன்.

"தரைக்கா சார்? அப்ப குரோம் கிரீன் வேணாம், சிமென்ட்டுல நிக்காது. குரோம் ஆக்சைடு எடுத்துக்குங்க" என்றார் கல்லாவில் இருந்த அண்ணன். இந்த ஒரு வார்த்தைக்கே முழு மதிப்பெண் போடலாம். பேர்தான் ஒன்றுபோல் இருக்கும். குரோம் கிரீன் என்பது லெட் குரோமேட் மஞ்சளும் பிரஷ்யன் நீலமும் கலந்தது. சிமென்ட்டின் காரம் அந்த நீலத்தைத் தின்றுவிடும். இது தெரியாமல் முன்பு வேறொரு கடையில் வாங்கி, எங்கள் மாடிப்படி ஒரே வருடத்தில் மஞ்சளித்துப் போனது.

விலை சிவப்பு ஆக்சைடைப்போல நாலைந்து மடங்கு. சரி, சோதித்துவிடலாம் என்று ஒரு சிட்டிகையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் தூள் அடியில், தண்ணீர் தெளிவாக மேலே. அப்புறம் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினேன். கருகவில்லை, ஆறியதும் அதே பச்சை.

நான் இயற்பியல் வாத்தியார். குரோமியம் ஆக்சைடு எனக்கு வெறும் கலர் தூள் இல்லை. காந்தப்புலம் வைத்தால் அதன் படிகத்தில் மின் முனைவாக்கம் (கூட்டல், கழித்தல் மின்னூட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்குவது) வரும், மின்புலம் வைத்தால் காந்தம் வரும் என்று 1959ல் சோவியத் இயற்பியலாளர் சியாலோஷின்ஸ்கி கணித்தார். அடுத்த வருடமே இன்னொரு சோவியத் இயற்பியலாளர் அஸ்த்ரோவ், மின்புலத்தால் காந்தம் வருவதை அளந்து காட்டினார். உள்ளே குரோமியம் அணுக்களின் காந்தம் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று நின்று ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேற்பரப்பில்தான் சுவாரஸ்யம். கடைசி அடுக்குக்கு மேலே ஜோடி இல்லை, அதனால் அங்கே கொஞ்சம் காந்தம் மிஞ்சுகிறது. இந்தத் தூள் மட்டுமில்லை, பொதுவாகவே காந்தப் பொருள்களில் உள்ளே சமச்சீர் (மேலும் கீழும் ஒன்றுபோல் இருப்பது) தடுத்து வைக்கிற மின் முனைவாக்கம் மேற்பரப்பில் தலைகாட்டலாம்; கீழே அணு, மேலே காற்று என்றானபின் ஏது சமச்சீர்? திண்ணையில் இதையெல்லாம் அளக்க முடியாது, துகள்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கிடக்கும்.

இந்தக் காந்த ஒழுங்கும் சுமார் 34 டிகிரி வரைதான். மே மாத மத்தியானம் நம்ம ஊர்த் திண்ணை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும், ராத்திரி ஆறினால் ஒழுங்கு திரும்பும். அம்மாவிடம் சொன்னேன். "வழுக்காம இருந்தா போதும்டா" என்றார்.

குறை என்றால் பொட்டலம்தான். செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார், வண்டி சீட்டும் என் வேட்டியும் பச்சை. டப்பா எடுத்துப் போங்கள். பில்லிலும் "பச்சை கலர் 3 கிலோ" என்றுதான் இருந்தது. குரோம் ஆக்சைடு என்று எழுதித் தரச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். நாலு நட்சத்திரம்.