லெகோ கிளாசிக் 484 துண்டுப் பெட்டியில் கன்னியாக் கிணறுகள்

மகள் தரம் மூன்று படிக்கிறாள். வாய்ப்பாடு மனப்பாடம், ஏழு நாலு ஏன் இருபத்தெட்டு என்று கேட்டால் மட்டும் வாய் திறக்கமாட்டாள். அதற்காகத்தான், ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கற்களான லெகோவில், கிளாசிக் வரிசையின் 484 துண்டுப் பெட்டியை வாங்கினேன். விலை கையைக் கடிக்கும். என்றாலும் திருகோணமலையில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் எவரிடமும் இதை வாங்கச் சொல்வேன்.

முதலில் அவள் கட்டியது திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்று. கல்லின் மேல் துருத்தி நிற்கும் வட்டப் புடைப்பைத்தான் குமிழ் என்கிறேன். இரண்டு குமிழ் உள்ள கற்கள் நாலை, ஒன்றன் முனை அடுத்ததன் பக்கத்தில் முட்டும்படி சுற்றி வைத்தால், நடுவே ஒரு குமிழ் அளவுக்குக் குழி விழும். அது ஒரு கிணறு. கன்னியாவில் ஏழு கிணறுகள். அவளே கற்களை நாலு நாலாகப் பிரித்து வைத்தாள். இருபத்தெட்டு எங்கிருந்து வருகிறது என்று பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் பெரிய கிணறு கேட்டாள். பக்கத்துக்கு ஐந்து குமிழ், நாலு பக்கம், இருபது குமிழுக்குப் பத்துக் கல் என்று எடுத்தாள். எட்டுக் கல்லிலேயே சுற்று மூடிவிட்டது. மீதி இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு மூலைகளைத் தொட்டு, "அப்பா, இதை ரெண்டு தரம் எண்ணிட்டன்" என்றாள். அடுத்த கிணற்றுக்கு, பக்கம் ஏழு குமிழ், கட்டும் முன்பே பன்னிரண்டு கல் என்று சொல்லிவிட்டாள். சுற்றளவுப் பாடத்தில் பிள்ளைகள் வழக்கமாக இடறும் இடம் இந்த மூலைதான்.

இதெல்லாம் நடப்பதற்குக் காரணம் அளவின் துல்லியம். கல்லின் உயரம் 9.6 மில்லிமீற்றர், குமிழுக்குக் குமிழ் தூரம் 8. ஆகவே ஐந்து கல் உயரமும் ஆறு குமிழ் நீளமும் ஒன்றே, 48. ஐந்து கல் அடுக்கைப் படுக்கவைத்து ஆறு குமிழோடு அளந்தாலே பிள்ளைக்குத் தெரிந்துவிடும். முன்பு கடைத்தெருவில் வாங்கிய பெயரில்லாத மலிவுக் கற்களில் இது சரிவரவில்லை. நாலாவது வரியிலேயே சுவர் சாய்ந்தது. பிள்ளை தன் கணக்கைத்தான் சந்தேகித்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

கற்கள் ஒன்றோடொன்று பிணையும் முறையை லெகோ 1958இல் காப்புரிமைக்குப் பதிந்தது; அது இன்றும் மாறவில்லை. சொந்தக்காரர் வீட்டில் பழைய லெகோ கற்கள் கிடந்தால் கேட்டு வாங்குங்கள், பொருந்தும். பெட்டி நாலு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் பாய் விரித்து அதன்மேல் விளையாட விடுங்கள்; முடிந்ததும் பாயோடு சுருட்டி எடுத்துவிடலாம்.