அல்டிமேட் ஃபிரிஸ்பீ கோச்சிங் கிளாஸ்: 3.5/5

மூணு மாசமா வீக்எண்ட் பேட்ச்ல போறேன். தட்டு மாதிரி இருக்குற 175 கிராம் டிஸ்க்க எறிஞ்சு பிடிச்சு ஆடுற டீம் கேம், சைடுக்கு 7 பேர், ரெஃப்ரியே கிடையாது, ஃபவுல்னா நாமளே சொல்லி நாமளே பேசி முடிக்கணும், இந்த கேமோட உயிரே அதுதான். கோச் முதல் நாள் த்ரோவே சொல்லித்தரல, சண்டை போடாம எப்படி வாதாடணும்னுதான் சொன்னார் (செம!). ஒருதடவை லைன்ல கேட்ச் பிடிச்சுட்டு "உள்ளதான்"னு கத்துனேன், எதிர் டீம் பொண்ணு புல்லுல என் ஷூ தடத்தக் காட்டுச்சு, கம்முனு டிஸ்க்கக் குடுத்துட்டேன்.

ஆனா இப்ப கூட்டம் ஜாஸ்தி, மேட்ச் சீக்கிரம் முடியணும்னு விசில் ஊத ஆள் போடுறாங்க. புதுசா ஆட ஆளுங்க வரட்டும், வேணாங்கல, விசில் எதுக்குங்க? 2015ல ஒலிம்பிக் கமிட்டி அங்கீகாரம் வந்ததே ரெஃப்ரி இல்லாம ஆடித்தானே! ஸ்பிரிட் ஸ்கோர் (மேட்ச் முடிஞ்சதும் எதிர் டீம் எவ்வளவு நேர்மையா ஆடுச்சுன்னு குடுக்குற மார்க்) போடுறதையும் விட்டுட்டாங்க, கேட்டா டைம் இல்லையாம்.