மலைமேல் ஒரு குடிநோய் மீட்பு இல்லம்: 30 நாள் அனுபவம்

சென்ற மார்கழியில் என் அண்ணனை 30 நாள் தங்க வைத்துச் சிகிச்சை அளித்த குடிநோய் மீட்பு இல்லம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பெயரைத் தவிர்த்துவிட்டேன், நீலகிரியில் இத்தகைய இடம் தேடுகிறவர்களுக்குப் பெயரைவிட, சேர்க்கும் முன் என்ன கேட்க வேண்டும் என்பதே உதவும். எங்கள் ஊர் கோத்தகிரிப் பக்கம். அண்ணனுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பசுந்தேயிலை விலை இறங்கினால் கவலைக்குக் குடிப்பார், ஏறினால் மகிழ்ச்சிக்குக் குடிப்பார், இரண்டும் இல்லாத நாளில் குளிருக்குக் குடிப்பார்.

அந்தக் குளிர்க் கதையை மருத்துவர் முதல் நாளே முடித்துவைத்தார். மது தோலையொட்டிய இரத்தக் குழாய்களை விரிப்பதால் கதகதப்பு தோன்றுகிறதே ஒழிய, உள்ளிருக்கும் வெப்பம் அவ்வழியே வெளியேறி உடம்பு மேலும் குளிர்கிறது என்று அவர் சொன்னபோது, மலையில் பிறந்து வளர்ந்த எங்களுக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

இந்த இல்லத்தின் உண்மையான பலம் முதல் ஐந்து நாள்கள். ஆண்டுக்கணக்கில் குடித்தவரின் மூளை, மதுவின் மந்தத்தை ஈடுகட்டத் தன்னை எப்போதும் முடுக்கிய நிலையிலேயே வைத்துப் பழகிவிடுகிறது. திடீரென்று மது நின்றால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சி, முதல் இரண்டு நாள்களுக்குள் நடுக்கமும் சிலருக்கு வலிப்பும், அதன்பின் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அறையில் பூட்டி வைத்துத் 'தெளியட்டும்' என்று விடும் இடங்கள் பயமூட்டுவது இதனால்தான். மூன்றாம் இரவு அண்ணன் கண்ணைத் திறந்தபடியே, கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமாகப் போர்வையின் மேல் கொழுந்து கிள்ளி, தோளுக்குப் பின்னால் இல்லாத கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். செவிலியர் விடியும்வரை நகரவில்லை. நடுக்கத்தை அடக்கும் மருந்தை அளவாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்தார். குளுக்கோஸ் ஏற்றும் முன் பி1 வைட்டமின் ஊசி போட்டதையும் குறிப்பிட வேண்டும். நாள்பட்டுக் குடிப்பவர்களுக்கு அந்தச் சத்து வற்றிப்போகிறது. கவனிக்காமல் விட்டால் நடை தள்ளாடி, புதிய நினைவுகளே பதியாத நிலைக்குப் போய்விடலாம். நீங்கள் சேர்க்கும் இடத்தில் இரவில் மருத்துவப் பணியாளர் இருக்கிறாரா, இந்த ஊசி உண்டா என்று கேளுங்கள்.

சாப்பாடு பரவாயில்லை. வெந்நீர் காலையில் மட்டும்தான், மார்கழிக்கு அது போதாது.

ஞாயிறுதோறும் குடும்பத்தாருக்கு வகுப்பு உண்டு. அண்ணனுக்காகப் பிறரிடம் சொன்ன பொய்களை எழுதும்படி ஆலோசகர் அண்ணியிடம் ஒரு தாளைக் கொடுத்தார்: காய்ச்சல், வெளியூர்ச் சாவு, தொலைந்துபோன செல்போன். தாள் நிறைந்ததும் அண்ணி இன்னொன்று கேட்டு வாங்கினார். கடனை அடைத்தும் பொய் சொல்லியும் குடியின் விளைவு அண்ணனைத் தொடாமல் பார்த்துக்கொண்டது தாங்கள்தாம் என்று, யாரும் குற்றம் சாட்டாமலேயே, அவருக்குப் புரிந்தது.

என் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. அந்த வகுப்புகள் அத்தனையிலும் அண்ணன் மகனை, அவனுக்கு 16 வயது, வராந்தாவில் உட்கார வைத்தார்கள், பெரியவர்கள் பேச்சாம். நீலகிரியில் 2022 முதல் காலி பாட்டிலை டாஸ்மாக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கிடைக்கிறது. கண்ணாடிச் சில்லு காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்காமலிருக்க உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் வந்த நல்ல ஏற்பாடு அது. அப்பா எறிந்த 34 பாட்டில்களைச் சாக்கில் சேர்த்து, தெரிந்தவர் ஒருவர் மூலம் கொடுத்து, டியூஷன் பணத்தில் குறைந்த 340 ரூபாயை நிரப்பியவன் இவன். இவன் கேட்கக் கூடாத பேச்சு என்ன இருக்கிறது? நிதானத்தையும் பின்விளைவையும் எண்ணிப் பார்க்கும் முன்மூளை 25 வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சி அடைகிறது. இளவயதில் தொடங்குபவர்களுக்கு அடிமையாகும் வாய்ப்பு அதிகம். குடிநோய்க்கு உள்ளாகும் சாத்தியத்தில் ஏறக்குறைய பாதி மரபுவழி வருவது. இவை மூன்றும் அவனுக்கே பொருந்துகின்றன. இவற்றைச் சொல்லித் தந்த ஆலோசகருக்கும் அவனுக்கும் நடுவே ஒரு கதவுதான் இருந்தது.

வீட்டுக்கு அனுப்பிய பின் ஒரே ஒருமுறை தொலைபேசியில் விசாரித்தார்கள். மீண்டும் குடிக்கும் அபாயம் அதிகமுள்ள முதல் சில மாதங்களுக்கு இது மிகக் குறைவு. இப்போது அண்ணனுக்கு நான்காவது மாதம், மாத்திரையைத் தவறவிடுவதில்லை. மகனுக்கு உறக்கம் சரியில்லாததால், இலவசமாகத் தமிழிலேயே பேசக்கூடிய, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை நாங்களாகத் தேடிப் பிடித்தோம். அடுத்த பரிசோதனையின்போது அவனையும் உள்ளே அழைத்துப் பேச வேண்டும் என்று இல்லத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதுவரை பதில் வரவில்லை.