எம்ஜிபி ரோட்ஸ்டர்: விற்பதா, செப்பனிடுவதா? எஞ்சினைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி. இன்றும் ஏறக்குறைய எல்லா உதிரிபாகமும் புதிதாகவே கிடைக்கிறது. வருடக்கணக்கில் கராஜில் நின்ற வண்டியை என்ன செய்வது என்று யோசிப்பவர்கள் முதலில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இந்த வண்டியைப் பொறுத்தவரை அது கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி.

எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம் கிடையாது. ரோட்ஸ்டர் என்ற திறந்த வகையில் மேற்கூரையும் இல்லாததால், கதவுகளுக்கு அடியில் இருபுறமும் ஓடும் சில் என்ற பெட்டிக்கட்டுதான் வண்டியின் முதுகெலும்பு. வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு தடுப்புத்தகடு, அடியில் காசில் ரயில் எனப்படும் தாங்குதகடு என்று பல அடுக்கு சேர்ந்தது அது. சக்கரம் வாரியடிக்கும் சேறும் உப்பும் முன் மட்காடுக்குள் தங்கி, அங்கிருந்து துரு உள்ளுக்குள் பரவும். மேலே பெயின்ட் பளபளக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.

சோதனை எளிது. கதவை மூடி, அதன் பின்விளிம்பில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிறகு வண்டியின் சொந்த ஜாக்கிப் பாயின்டில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். அந்த இடைவெளி மாறினாலோ, கதவு திறக்கும்போது பின்தூணில் உரசினாலோ, அந்த சில் எடை தாங்கவில்லை. ஜாக்கி தகட்டுக்குள் இறங்கினால் அதோடு நிறுத்திவிடுங்கள். அடுத்தது காந்தம்: ஒட்டாத இடமெல்லாம் பட்டி. முக்கியமாக இன்னொன்று. அசல் வெளித்தகடு முன் மட்காடுக்கும் பின் மட்காடுக்கும் உள்ளே வரை நீளும். கதவு அளவுக்கு மட்டும் ஒரு தகட்டை வெட்டி மேலே ஒட்டியிருந்தால், பழைய துருவை மூடிப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி மறைத்த வண்டியைவிட ஓட்டை வெளியே தெரியும் வண்டி எவ்வளவோ மேல்.

சில் மாற்றுவது முறையாகச் செய்தால் பெரிய வேலை. முன் மட்காடு போல்ட்டில் நிற்பது, கழற்றலாம். பின் மட்காடின் கீழ்ப்பகுதியை வெட்டித்தான் எடுக்கவேண்டும். வெட்டுமுன் கதவுச் சட்டத்தின் முன்தூணையும் பின்தூணையும் இரும்புக்குழாயால் இணைத்து வெல்டிங் வைக்கவேண்டும். வண்டியின் எடை ஆக்ஸில்கள் மேல் நிற்கவேண்டும். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கம். இதைத் தவிர்த்தால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், அதன் பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. தரையும், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளைத் தாங்கும் இடங்களும் சேர்ந்தே அழுகியிருந்தால் கணக்கு மாறுகிறது. பழைய அச்சுகளை வைத்தே 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் புதுப் பாடி ஷெல் செய்கிறது. தரமான பொருள்தான், ஆனால் ஓடுகிற ஒரு சாதாரண ரப்பர் பம்பர் வண்டியின் (1974 கடைசிக்குப் பின் வந்தது) விலையைவிட அந்த ஷெல்லின் விலை கூடுதல்.

எஞ்சின் பற்றிக் கவலை வேண்டாம். 1798 சிசி பி சீரிஸ் எஞ்சின் முரட்டு உழைப்பாளி. 1964 கடைசியிலிருந்து கிராங்குக்கு ஐந்து பேரிங். வெகுநாள் நின்ற வண்டியானால் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, பிரேக் ஹோஸ்களை யோசிக்காமல் மாற்றுங்கள். சூடான பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐக்கு மேல் நின்றால் நல்லது. ஈயமில்லாப் பெட்ரோலுக்குக் கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேவை. அதை ஹெட் கழற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். கிளட்ச் மாற்ற எஞ்சினையே தூக்கவேண்டும், எனவே எஞ்சின் வெளியே வரும்போதே அந்த வேலையும் முடியட்டும். வேகமாக ஓடும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் வயரிங் கோளாறுதான்: இக்னிஷன் போட்டு, எஞ்சின் ஓடாமல், நாலாவது கியரில் சுவிட்சைத் தட்டினால் ‘டக்’ என்று சோலனாய்டு சத்தம் வரவேண்டும். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் மட்டும் கவனிப்பாரற்றுக் கிடக்கும். பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள். சக்கரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு அடித்தால்தான் உள்ளே போகும்.

எந்த வருட வண்டி என்பதும் பணத்தைத் தீர்மானிக்கும். 1974 கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காக ரப்பர் பம்பர் வந்தது, உயரமும் கூடியது. 1975, 76 வண்டிகளில் முன்பக்க ஆன்டி ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். வளைவில் சாய்வது அதனால்தான். ரப்பர் பம்பர் வண்டிகளுக்கு முழு ரெஸ்டோரேஷன் செலவு விலையில் திரும்பாது. துரு ஆழமாக இருந்தால் இருக்கும் நிலையிலேயே விற்பது சரி. அதற்கு முந்தைய குரோம் பம்பர் வண்டி, சில் உறுதி, எஞ்சின் ஓடவில்லை என்றால் தயங்காமல் செப்பனிடுங்கள். எஞ்சின் வேலைக்கு ஒரு வரம்பு உண்டு, தகடு வேலைக்குக் கிடையாது.

விற்பதானால் புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள், அடிப்பாகத்தில் கறுப்பு பூசாதீர்கள். விவரம் தெரிந்தவர் அதைக் கண்டதும் விலையைக் குறைப்பார். ஜாக்கியில் தூக்கிய நிலையில் சில்லையும் கதவு இடைவெளியையும் படமெடுத்து வையுங்கள். இங்கிலாந்தின் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ஹெரிடேஜ் சான்றிதழ் வாங்கினால் எந்தத் தேதியில் கட்டியது, அசல் நிறம் என்ன என்பது எழுத்தில் கிடைக்கும். அதையும் வண்டியோடு கொடுங்கள்.