பைபிஐ: ஏழு வருஷப் புழக்கத்தில்

மதுரையில் துணிக்கடைகளுக்கும் பூக்கடைகளுக்கும் பில் போடும் மென்பொருள் எழுதித் தருவது என் பிழைப்பு. எல்லாம் பைத்தான் என்ற நிரல்மொழியில்தான். அடுத்தவர் எழுதியதை, பைத்தான் நிரல்களைப் பகிரும் இணையக் களஞ்சியமான பைபிஐயிலிருந்து எடுத்துப் பழகி, கொஞ்ச நாளில் நானும் ஒன்றை ஏற்றினேன்: தொகையை எழுத்தால் எழுதும் சின்ன பேக்கேஜ் (நிரல் பொதி).

ஏற்றுவது சுலபம். ஆர் என்ற நிரல்மொழியின் களஞ்சியமான கிரானில் ஆட்கள் சரிபார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். இங்கே ட்வைன் என்ற ஏற்றும் கருவியில் ஒரு கட்டளை, முடிந்தது. அதில்தான் மாட்டினேன். 0.1.0 பதிப்பு போன பிறகு பார்த்தால், எண்ணுப்பெயர்கள் இருந்த கோப்பையே நான் சேர்க்கவில்லை. சரி, அழித்துவிட்டு அதே எண்ணில் திரும்ப ஏற்றலாம் என்றால் முடியாது. ஒருமுறை போன கோப்புப் பெயர் அழித்தாலும் திரும்பக் கிடைக்காதாம். அன்றைக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல.

அப்புறம் ஒரு தீபாவளி நேரத்தில் விளக்குத்தூண் ஜவுளிக்கடை அண்ணாச்சி போன் செய்தார். “தம்பி, ஒரு லட்சம் பில்லுல ‘நூறு ஆயிரம்’னு அடிக்குது. வாங்க வந்தவரு சிரிக்கிறாரு.” 0.3.0-இல் நான் செய்த கோளாறு. 0.2.4 என்று எண்ணைக் குறிப்பிட்டு நிறுவினேன், ஐந்து நிமிடத்தில் ‘ஒரு லட்சம்’ திரும்பிவிட்டது. ஏற்றிய நானே நினைத்தாலும் அந்த 0.2.4-க்குள் எதையும் மாற்றியிருக்க முடியாது. 0.3.0-ஐ ‘யாங்க்’ செய்தேன். யாங்க் என்றால் அழிப்பதில்லை. அந்த எண்ணையே கேட்பவருக்குக் கிடைக்கும், மற்றவர்களுக்குப் போகாது.

தேடுவதுதான் பாடு. பைபிஐயிலிருந்து நிறுவித் தரும் கருவி பிப். அதில் கட்டளை வரியிலிருந்து தேடும் ‘பிப் சர்ச்’ 2020-லேயே நின்றுவிட்டது. நிறுவும் பெயர் ஒன்று, நிரலுக்குள் இம்போர்ட் செய்யும், அதாவது அழைக்கும், பெயர் வேறு. தமிழ் எழுத்துகளைக் கையாளும் பேக்கேஜை ‘ஓப்பன்-தமிழ்’ என்று நிறுவினால் நிரலில் ‘தமிழ்’ என்றுதான் அழைக்க வேண்டும். ஆனால் அது கிடைத்தது பெரிய உபகாரம். ‘மதுரை’ எத்தனை எழுத்து என்று வெறும் பைத்தானைக் கேட்டால் 5 என்று சொல்லும். ஓப்பன்-தமிழ் சரியாக 3 என்று பிரித்துத் தரும். பில்லில் பத்தி ஒழுங்காக நிற்பது அதனால்தான்.

ஒரு பயம் மட்டும் இன்னும் போகவில்லை. 2016-இல் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழிக்காரர்களின் களஞ்சியமான என்பிஎம்மில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரிப் பேக்கேஜை எழுதியவர் எடுத்துவிட, அதை நம்பியிருந்த பெரிய திட்டங்களைக்கூட நிறுவ முடியாமல் போனது. பைபிஐயிலும் உரிமையாளர் தன்னுடையதை அழிக்கலாம். அதனால் தேவையான வீல் கோப்புகளை (நிறுவத் தயாரான பேக்கேஜ் கோப்புகளை) ‘பிப் டவுன்லோட்’ போட்டு பென்டிரைவில் வைத்திருக்கிறேன். நெட் அடிக்கடி போகும் உசிலம்பட்டிக் கடையில் நிறுவுவதும் அதிலிருந்துதான்.